எர்த் இருக்கா?

1

இது கதையாக வந்திருக்கவே கூடாது. ஒரு பக்க விளக்கமாக வந்திருக்க வேண்டும். அண்ணி என்னிடம் கேட்டது அவ்வளவுதான்.

"தம்பி, நீங்கதான் பக்கம் பக்கமா எழுதுற ஆளாச்சே. நடந்தத நடந்தபடி ஒரே ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. விசாரணையில குடுக்கணும்."

அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. தொட்டியும் குழாயும் செய்கிற ஒரு பட்டறையில் வெல்டர். இடது கையில் முழங்கை வரை கட்டு. அந்தக் கட்டைப் பார்த்துக்கொண்டே எழுத உட்கார்ந்தேன். மூன்றாவது வரி முடிவதற்குள் கோபம் தலைக்கேறிவிட்டது. எனக்குக் கோபம் வந்தால் வாக்கியம் நீளும். வாக்கியம் நீண்டால் பக்கம் போதாது. பக்கம் போதாமல் போன விளக்கத்தைக் கதை என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது என் தொழில்.

வாசகரைக் காக்கவைத்து வேடிக்கை காட்டும் எண்ணம் எனக்கில்லை. விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். பட்டறையில் ஓர் ஆர்க் வெல்டிங் மெஷின். அதன் இரும்பு உடம்பில் மின்சாரம் ஏறியிருந்தது. அண்ணி அதைத் தொட்டார், தூக்கியெறியப்பட்டார், பிழைத்தார். பிழைத்து வந்தவரிடம் எப்படியிருக்கிறாய் என்று கேட்க வேண்டிய நிர்வாகம் ஒரு குற்றச்சாட்டைக் கொடுத்தது: மெஷினுக்கு எர்த் இருப்பதாகத் தவறான தகவல் தந்தார். அது உறுதியானால் அண்ணி இனி அங்கே வெல்டிங் ஹோல்டரைப் பிடிக்க முடியாது. துடைப்பத்தைப் பிடிக்கலாம், பெரிய மனசு பண்ணி அதற்கு அனுமதிப்பார்களாம்.

"கூட்டுறதுக்கு எனக்கு வெக்கமில்ல தம்பி," என்றார் அண்ணி. "ஆனா பொய் சொன்னவங்கிற பேரோட கூட்டமாட்டேன்."

இந்தக் கதையில் பணயம் வைக்கப்பட்டிருப்பது அதுதான். வேறு எதையாவது தேடி யாரும் கடைசிப் பக்கத்துக்குத் தாவ வேண்டாம்.

2

தொடக்கங்கள்.

"தகரக் கூரையில் வெயில் தன் முதல் விரலை வைத்தபோது, பட்டறை மெல்லக் கண்—"

வேண்டாம். வெயிலை யாரும் விசாரிக்கவில்லை.

"நீலப் பொறிகள் மழையாய்ச் சிதற, நெருப்பின் நடுவே ஒரு தேவதையாய் அவள் நின்றிருந்தாள்."

இதை அண்ணியிடம் படித்துக்காட்டினேன். அவர் வெங்காயத்தை ஒற்றைக் கையால் உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அவ்வளவு பொறி பறக்குதுன்னா ஏதோ கோளாறுன்னு அர்த்தம் தம்பி. வெல்டிங் ராடு ஈரமா இருக்கும், இல்ல கரண்ட ஏத்தி வச்சிருப்பாங்க. நல்ல ஆர்க் இப்படியா வாணம் விடும்?" கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். "அப்புறம் அந்த தேவதைக்கு இடுப்பு வலிக்குமா? எனக்கு வலிக்கும்."

தேவதையை வெளியே அனுப்பினேன்.

"பட்டறையின் ஓரத்தில் கிடந்த மெஷினை நடுக்கூடத்துக்குத் தள்ளிவந்தார்கள். டெஸ்டர்* கரண்ட் இணைப்பைக் கொடுத்துவிட்டுப் போனார். அண்ணி கையுறை மாட்டினார், எர்த் போட்டார், வேலையைத் தொடங்கினார்."

இது பரவாயில்லை. அலங்காரம் இல்லை, ஆள் தெரிகிறது, வேலை தெரிகிறது. நிற்கட்டும். வாசகருக்கும் ஆட்சேபணை இருப்பதாகத் தெரியவில்லை. இருந்தால் இந்த இடத்தில் சொல்லியிருப்பீர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சரி, மேலே போவோம்.

* டெஸ்டர்: பட்டறையின் எலக்ட்ரீஷியன். சட்டைப்பையில் எந்நேரமும் ஒரு டெஸ்டரைச் செருகியிருப்பார். கல்யாணப் போட்டோவிலும் அது தெரிகிறதாம். சூப்பர்வைசருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: சரிசரி. ஏன் என்பது அவர் வாயைத் திறந்ததும் தெரியும்.

3

பட்டறையில் ஒவ்வொரு வெல்டிங் மெஷின் மேலும் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாள் தொங்கும். இடப்பக்கம் கோளாறு, வலப்பக்கம் செய்ய வேண்டியது. ராடு நுனியில் எரிய வேண்டிய ஆர்க் பற்றவில்லை என்றால் இதைப் பார், ராடு ஒட்டிக்கொண்டால் அதைப் பார், மெஷின் சூடாகி நின்றால் ஆறவிடு. மெஷின் படுத்தினால் வெல்டர் சூப்பர்வைசருக்குப் போன் போட வேண்டும். சூப்பர்வைசர் தன் அறையில் ஒட்டியிருக்கும் அதே தாளைப் பார்த்து வரிசையாகக் கேள்வி கேட்பார். முறை அதுதான். கேட்பதற்கு அழகாகவே இருக்கிறது.

அன்று அண்ணியின் மெஷின் படுத்தியது.

"சார், ஆர்க் நிக்க மாட்டேங்குது. பத்துது, அணையுது. ராடு போய் ஒட்டிக்குது."

"கரண்ட ஏத்திப் பாத்தியாம்மா?"

"பாத்துட்டேன் சார்."

"ராடு ஈரமா?"

"சூட்டுப் பெட்டியிலேர்ந்து இப்பத்தான் எடுத்தேன்."

"சரி சரி. எர்த் இருக்கா?"

அண்ணி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, குனிந்து பார்த்தார். பார்த்தார் என்ற சொல்லை அடிக்கோடிட விரும்புகிறேன். பார்க்காமல் வாய்க்கு வந்ததைச் சொன்னார் என்றுதான் குற்றச்சாட்டு போகிறது. பார்த்தார். கையால் ஆட்டியும் பார்த்தார்.

"இருக்கு சார். நல்லா போட்டிருக்கேன்."

"சரி சரி."

சரிசரி போனை வைத்தார். எதிரே நின்ற டெஸ்டரிடம், "எர்த் இருக்காம்," என்றார். டெஸ்டர் கையிலிருந்த ஸ்பேனரைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போனார்.

அண்ணி கரண்டை இன்னும் கொஞ்சம் ஏற்றிப் பார்க்கலாம் என்று மெஷினின் மேலிருந்த சக்கரத்தில் கையை வைத்தார்.

[இந்த இடத்தில் ஒரு பத்தி இருந்தது. கத்தல், புகை, ஓடிவரும் கால்கள். அண்ணி படித்துவிட்டு, "நான் கத்தவே இல்ல தம்பி, கத்துறதுக்கு மூச்சு இருந்தாத்தானே," என்றார். எடுத்துவிட்டேன். பக்கத்து மெஷின்காரர் ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்தார். அண்ணி குழாய்க் குவியலின் மேல் கிடந்தார். உள்ளங்கையில் தீக்காயம், முழங்கையில் முறிவு. அவ்வளவு போதும்.]

[கையுறை போட்டிருந்தாரா என்று கேட்கத் துடிப்பவர்களுக்கு: போட்டிருந்தார். வேர்வையில் ஊறிய தோல் கையுறை மின்சாரத்தைத் தடுக்காது. இதையும் விசாரணையில் கேட்டார்கள். ஏதாவது ஒரு வழியில் அவர் தலையில் கட்டிவிட வேண்டும் என்ற அவசரம் அவர்களுக்கு.]

4

இப்போது உங்களிடம் வருகிறேன்.

இரண்டாம் பகுதியில், அண்ணி எர்த் போட்டார் என்று எழுதினேன். நீங்களும் தலையாட்டிவிட்டு வந்தீர்கள். எந்த எர்த்?

பட்டறையில் எர்த் என்று இரண்டு இருக்கிறது. ஒன்று, மெஷினிலிருந்து வருகிற தடித்த கேபிளின் முனையில் இருக்கும் கவ்வி. வெல்டர் அதைத் தான் பற்றவைக்கும் இரும்பில் மாட்ட வேண்டும். மாட்டினால்தான் ஆர்க் பிடிக்கும். மண்ணுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனாலும் அதன் பெயர் எர்த்.

இன்னொன்று, மெஷினின் உடம்பிலிருந்து மண்ணுக்குப் போகிற பச்சை ஒயர். உள்ளே ஏதாவது ஒயர் கழன்று உடம்பைத் தொட்டால், மின்சாரத்தை மண்ணுக்கு இழுத்துக்கொண்டுபோய் ஃப்யூஸைப் போகவைத்து ஆளைக் காப்பாற்றுவது. அதைப் போடுவது எலக்ட்ரீஷியன் வேலை. அதன் பெயரும் எர்த்.

முதலாவது இல்லாவிட்டால் வேலை நடக்காது. இரண்டாவது இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். ஜோராக நடக்கும், ஆள் விழுகிற வரைக்கும்.

மெஷினை நடுக்கூடத்துக்குத் தள்ளியபோது பச்சை ஒயர் எட்டவில்லை. நீளமான ஒயராகக் கொண்டுவந்து போடலாம் என்று டெஸ்டர் சரிசரியின் அறைக்குக் கேட்கப் போயிருந்தார். அதற்குள் அந்தப் போன். அண்ணி பார்த்தது கவ்வியை. இருக்கு என்றார்; இருந்தது. டெஸ்டர் காதில் விழுந்தது பச்சை ஒயர். யாரோ போட்டுவிட்டார்கள் என்று நினைத்தார். தள்ளின குலுக்கலில் உள்ளே ஒரு கரண்ட் ஒயர் தளர்ந்திருந்தது. ஆர்க் நிற்காமல் படுத்தியதே அதனால்தான். மூடியைத் திறந்து பார்க்க வெல்டருக்கு அனுமதி கிடையாது. கொஞ்ச நேரத்தில் அந்த ஒயர் முழுதாகக் கழன்று மெஷின் உடம்பில் சாய்ந்தது.

அந்தத் தாளைப் பிறகு நானும் பார்த்தேன். அண்ணி தன் போனில் எடுத்து வைத்திருந்த படம். "ஆர்க் நிலையாக இல்லை: எர்த் சரிபார்க்கவும்." நாலு வரி கீழே, "உடம்பில் ஷாக் அடிக்கிறது: எர்த் சரிபார்க்கவும்." ஒரே தாள், ஒரே சொல், இரண்டு வேறு பொருள். ஒன்றைத் தவறாகப் படித்தால் ராடு ஒட்டும். மற்றதைத் தவறாகப் படித்தால் உயிர் ஒட்டாது.

எனக்கு வயிற்றெரிச்சல் எங்கே என்றால், அந்தத் தாளை எழுதியவர் வெல்டர் இல்லை, எலக்ட்ரீஷியன் இல்லை. என்னைப் போல எங்கோ மேசையில் உட்கார்ந்து வாக்கியம் எழுதுகிற ஓர் ஆள். கவ்வி என்று ஓர் இடத்தில், பச்சை ஒயர் என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தால் என்ன கை வலித்துவிடுமா? நான் சொல்லைச் சரியாகப் போடாவிட்டால் ஒரு விமர்சகர் முகம் சுளிப்பார். அவர் போடாததற்கு அண்ணி குழாய்க் குவியலில் விழுந்தார். அவரை யாரும் விசாரணைக்குக் கூப்பிடவில்லை.

5

கோபத்துக்கு ஒரு வில்லன் வேண்டும். சரிசரியை வில்லனாக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

"அவருடைய சிறிய கண்களில் குரூரம் மின்னி—"

"தம்பி," என்றார் அண்ணி.

"என்ன அண்ணி?"

"அவரு கண்ணு பெருசு. குரூரமெல்லாம் ஒண்ணும் கெடையாது. ஆஸ்பத்திரிக்கு என்னைத் தூக்கிட்டு ஓடுனதே அவருதான். அவசரக்காரரு, அவ்வளவுதான்."

"அவர் ஒரு வார்த்தை கூடுதலாக் கேட்டிருந்தா நீங்க விழுந்தே இருக்கமாட்டீங்க."

"நானும் ஒரு வார்த்தை கூடுதலாச் சொல்லியிருக்கலாம். கவ்வி இருக்குன்னு சொல்லியிருக்கலாம். இத்தன வருசமா அத எர்த்துன்னுதானே சொல்லிட்டிருக்கோம்? தண்ணியத் தண்ணின்னுதானே சொல்வாங்க?"

எனக்கு இன்னும் ஆத்திரம் கூடியது. கெட்டவர் இல்லாத கதையில் கோபத்தைக் கொண்டுபோய் எங்கே இறக்கி வைப்பது? அதனால் நானே நேராகப் போய்ச் சரிசரியைப் பார்த்தேன். பட்டறை வாசலில், ஹெல்மெட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். கண்கள் பெரியவைதான், ஒப்புக்கொள்கிறேன்.

"நீங்க போன்ல எந்த எர்த்தக் கேட்டீங்க சார்?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"எர்த்தத்தான் சார் கேட்டேன்."

"கவ்வியா, பச்சை ஒயரா?"

"தாள்ல எர்த்னு இருந்துச்சு. எர்த் இருக்கான்னு கேட்டேன். அந்தம்மா இருக்குன்னாங்க." பெரிய கண்கள் இன்னும் பெரிதாயின. "ஐயோ, நான் எதத்தான் கேட்டேன்?"

கேட்டவருக்கே தான் எதைக் கேட்டோம் என்று தெரியாத ஒரு கேள்விக்கு அண்ணி பொய்யான பதில் சொல்லிவிட்டாராம். இதைப் படித்துவிட்டு யாராவது சிரித்தால் எனக்குக் கோபம் வரும். நான் திரும்பி வரும் வழியில் சிரித்தேன், அதற்காக என்மேல் வந்த கோபமும் இதில் சேர்ந்து இருக்கிறது.

"விசாரணையில இத அப்படியே சொல்லுவீங்களா சார்?"

ஹெல்மெட்டை ஒரு கக்கத்திலிருந்து மறு கக்கத்துக்கு மாற்றினார். "கேட்டா சொல்லுவேன். கேக்கணுமே," என்றார்.

6

கேட்கவில்லை.

முதல் அமர்வுக்கு நானும் போனேன். துணைக்கு ஓர் ஆள் வரலாம், வாய் திறக்கக் கூடாது என்பது விதி. நீள மேசை, ஐந்தாறு நாற்காலி, ஓடாத மின்விசிறி. விசாரணை அதிகாரி வெளியிலிருந்து வந்தவர், பேச்சில் தேன் சொட்டியது.

டெஸ்டரிடம் கேட்டார்கள். "அக்கா எர்த் இருக்குன்னு சொன்னதா சார் சொன்னாரு," என்றார். உண்மை. சரிசரியிடம் கேட்டார்கள். "எர்த் இருக்குன்னுதான் சொன்னாங்க," என்றார். அதுவும் உண்மை. மேலே எதுவும் கேட்கவில்லை. இரண்டு உண்மையையும் சேர்த்துப் பற்றவைத்தால் ஒரு பொய் தயாராகிறது. அதைத் தூக்கி அண்ணி மடியில் வைத்தார்கள்.

"சொல்லுங்கம்மா. மெஷினுக்கு எர்த் இருந்துச்சா, இல்லையா?"

"எந்த எர்த் சார்?"

"கேள்விக்குக் கேள்வி வேண்டாம்மா. இருந்துச்சு, இல்ல. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"சார், ரெண்டு எர்த் இருக்கு. ஒண்ணு வந்து—"

"ஒரே வார்த்தைம்மா. கதையெல்லாம் இங்க எதுக்கு?"

நான் எழுந்துவிட்டேன். வாய் திறக்கக் கூடாது என்று மறுபடி சொல்லி உட்காரவைத்தார்கள். உட்கார்ந்தேன். என் பற்கள் ஒன்றையொன்று கடித்த சத்தம் எனக்கே கேட்டது.

இருந்தது என்று சொன்னால், பச்சை ஒயர் அங்கே இல்லை, ஆகவே பொய். இல்லை என்று சொன்னால், அப்போது போனில் இருக்கு என்றது பொய். எந்தக் கதவைத் திறந்தாலும் ஒரே அறைக்குள்தான் போய் நிற்க வேண்டும். அந்த அதிகாரிக்கு இது புரியவில்லை என்று நான் நம்ப மாட்டேன். எர்த் இரண்டு என்று அவர் ஒப்புக்கொண்டால், பச்சை ஒயர் போடுவதற்கு முன்னால் அந்த மெஷினை ஓட்டச் சொன்னது யார் என்ற கேள்வி மேலே ஏறும். அது மேலே ஏறாமலிருக்க, கீழே ஒருவர் பொய் சொல்லியிருக்க வேண்டும்.

"அவசரமில்லம்மா," என்றார் அதிகாரி, அதே தேனோடு. "விளக்கம் எதாவது இருந்தா ஒரு பக்கத்துக்கு மிகாம எழுதிக் குடுங்க. அடுத்த அமர்வுல இந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில பதில் சொல்லுங்க."

அந்த ஒரு பக்கம்தான் இப்படி வழிந்துகொண்டிருக்கிறது.

7

முடிவுகள்.

(அ) அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. "என்னை மன்னிச்சிடும்மா," என்று அவர்— சேச்சே.

(ஆ) அண்ணி ஒரு கையில் கவ்வியையும் மறு கையில் ஒரு முழம் பச்சை ஒயரையும் கொண்டுபோய் மேசைமேல் வைக்கிறார். "இதுல எத சார் கேக்குறீங்க?" எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. கைதட்டல்கூடக் காதில் விழுந்தது. அண்ணிக்குப் பிடிக்கவில்லை. "பட்டறைச் சாமான வெளிய எடுத்தா திருட்டுப் பட்டமும் சேந்து வரும் தம்பி. ஒரு பட்டம் போதும்."

(இ) குற்றம் உறுதியாகிறது. அண்ணி கூட்டிக்கொண்டிருக்கிறார். ஒருநாள் இன்னொரு மெஷின். இன்னொரு வெல்டர் போனில், எர்த் இருக்கு என்கிறார். அவர் விழுகிறார், எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் எல்லோருக்கும்—

அண்ணி இதைப் படித்தபோது நான் அதுவரை பார்க்காத ஒரு முகம் அவருக்கு வந்தது.

"நான் சொன்னது உண்மைன்னு ஆகுறதுக்கு இன்னொருத்தர் சாகணுமா?"

"கதைதானே அண்ணி."

"அழிங்க."

"அழுத்தமா இருக்கும்னு நெனச்சேன்."

"தம்பி, அந்தத் தாள் இன்னும் எல்லா மெஷின்லயும் அப்படியேதான் தொங்குது. மாத்தச் சொன்னேன். விசாரணை முடியட்டும்ங்கிறாங்க. இப்ப மாத்துனா தாள்ல தப்புன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமாம். நீங்க கதைன்னு எழுதுறது அங்க காலையில ஷிப்டுக்கு நடக்கக் காத்துக்கிட்டிருக்கு. என் கை ஆறிடும். பேரு போனாலும் நான் எப்படியோ இருந்துக்குவேன். நான் பொய் சொன்னேன்னு முடிவாயிட்டா, தாள் சரின்னு முடிவாயிடுமே. அது உங்களுக்கு உறைக்கலையா?"

உறைக்கவில்லை. இவ்வளவு எழுதியும் எனக்கு அது உறைக்கவில்லை. ஒருவருடைய பெயரைக் காப்பாற்றும் கதை என்று நினைத்து ஏழாம் பகுதி வரை வந்துவிட்டேன். முதல் பகுதியில் பணயம் இதுதான் என்று அடித்துச் சொன்ன வரியைத் திருத்த வேண்டும். திருத்தாமல் விடுகிறேன். நான் எவ்வளவு பாதியாகப் புரிந்துகொண்டேன் என்பதற்கு அது அங்கேயே கிடக்கட்டும்.

(இ) அழிக்கப்பட்டது.

8

விளக்கத்தை அண்ணியே எழுதிவிட்டார், வலது கையால், அரைப் பக்கத்தில். அதில் தேவதை இல்லை, வெயில் இல்லை, என் கோபமும் இல்லை. கவ்வி என்ற சொல்லும் பச்சை ஒயர் என்ற சொல்லும் இருக்கின்றன. எர்த் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. அந்த அரைப் பக்கத்தைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது, கூடவே ஒரு சந்தோஷம்.

அமர்வு இன்னும் நடக்கவில்லை. நடக்காத ஒன்றுக்கு முடிவு எழுத நான் மறுக்கிறேன். நான் எழுதிவைத்தால் நீங்கள் அதைப் படித்துவிட்டு, பாவம் என்றோ நல்லவேளை என்றோ சொல்லி மூடிவைத்துவிட்டுத் தூங்கப் போவீர்கள். உங்களை அவ்வளவு சுலபமாக விடமாட்டேன். இரண்டாம் பகுதியில் ஆட்சேபணை உண்டா என்று பார்த்தேன், ஒருவரும் எந்த எர்த் என்று கேட்கவில்லை.

"அவங்க மேல ஏன் பாயுறீங்க?" என்கிறார் அண்ணி, தோளுக்குப் பின்னாலிருந்து. "கேட்டுப் பழகாதவங்க. ஒரு தடவ உக்காந்து பாத்தா தெரிஞ்சிடும்."

சரி. உட்கார்ந்து பாருங்கள்.

நீள மேசை. ஓடாத மின்விசிறி. அண்ணியின் நாற்காலியில் நீங்கள். இடது கை கட்டுக்குள் அரிக்கிறது, சொறிய முடியாது. சரிசரி தன் ஹெல்மெட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், கேட்டால் சொல்வார். டெஸ்டர் சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் ஷிப்டு தொடங்கிவிட்டது. யாரோ ஒரு மெஷினைத் தள்ளிவரும் சத்தம் கேட்கிறது, அதன்மேல் அந்தத் தாள் ஆடிக்கொண்டு வருகிறது. உங்கள் அரைப் பக்கத்தை அதிகாரி படிக்காமலே ஓரமாக வைத்துவிட்டார். துணைக்கு வந்தவன் மூலையில் இருக்கிறான். அவன் வாய் திறக்கக் கூடாது.

"எர்த் இருந்துச்சா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

சொல்லுங்கள்.